த்ரீ நாட் த்ரீ முதல் ஏ.கே. 203 வரை: இந்திய ராணுவ ரைஃபிள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்.சி.சி. மாணவர்கள், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் அகாடமியில் சேர எஸ்.எஸ்.பி. (அதிகாரி தேர்வு வாரியம்) நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள், ஜனவரி 26 அன்று காமராஜர் சாலையில் அணிவகுப்பு பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவம் எந்தெந்த ரைஃபிளை வைத்திருந்தது? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1947இல் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்ட், நம் ஊர்ப் பேச்சில் த்ரீ நாட் த்ரீ. 1960களில் எஸ்.எல்.ஆர். (தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வந்தது. 1990களின் பிற்பகுதியில் நம் நாட்டிலேயே வடிவமைத்த இன்சாஸ். 2019க்குப் பிறகு அமெரிக்காவின் சிக் 716, அதன் பின்னால் ரஷ்ய வகை ஏ.கே. 203. நடுவில் அவசரத்துக்கு வாங்கிய ஏ.கே. வகைகள் தனிக் கணக்கு.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. ரைஃபிளின் பெயரை விட்டுவிட்டு அதற்குள் போகும் தோட்டாவைக் கவனித்தால்தான் கதை புரியும். ரைஃபிளை மாற்றுவது ஒரு தொழிற்சாலையின் வேலை. தோட்டாவை மாற்றினால் வெடிமருந்து ஆலை, கிடங்கு, எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி), பயிற்சி மைதானம் என்று எல்லாமே மாற வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இங்கே இருபது, முப்பது வருஷம் பிடித்திருக்கிறது.

சிக் 716, ஏ.கே. 203 இரண்டுமே 7.62 தானே? ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டுச் சுடலாமா?

முடியாது. நேர்காணலில் பலர் சறுக்குகிற இடம் இது.

7.62 என்பது குண்டு போகும் குழலின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் எண். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது பித்தளைக் கூட்டின் நீளம். சிக் 716 பயன்படுத்துவது 7.62×51, ஏ.கே. 203 பயன்படுத்துவது 7.62×39. கூடு 12 மி.மீ. குட்டை என்றால் உள்ளே மருந்தும் குறைவு, வேகமும் குறைவு, தோள் வாங்கும் உதையும் குறைவு. எடையிலும் வித்தியாசம் உண்டு: 51 நீளத் தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், 39 நீளத் தோட்டா 16 அல்லது 17 கிராம், இன்சாஸின் 5.56×45 தோட்டா சுமார் 12 கிராம்.

இந்த மூன்று எடைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் பதில்களில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

த்ரீ நாட் த்ரீக்கு முன்னால் சிப்பாய்களிடம் என்ன இருந்தது?

கம்பெனி காலத்தில் 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட். குழலுக்குள் வரிப்பள்ளம் கிடையாது, நூறு கஜம் தாண்டினாலே குறி சந்தேகம்தான். இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகக் குழலைக் குட்டையாக்கி, செலவைக் குறைத்து ஒரு வடிவம் செய்துவைத்திருந்தது. அதற்குப் பெயரே 'இந்தியா பேட்டர்ன்'. 1790களில் பிரான்சோடு போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் ராணுவமே அதை எடுத்துக்கொண்டது.

பிறகு 1853 மாடல் என்ஃபீல்ட். கொழுப்பு தடவிய தோட்டா, 1857 என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்தத் துப்பாக்கிதான். அந்தக் கிளர்ச்சி ஒடுங்கிய பிறகு ஆங்கிலேயர் ஒரு கணக்குப் போட்டார்கள். வெள்ளைச் சிப்பாய் கையில் என்ன இருக்கிறதோ, இந்தியச் சிப்பாய் கையில் அதற்கு ஒரு படி பழையதுதான் இருக்க வேண்டும். அவர்களுக்கு மார்ட்டினி ஹென்றி வந்தபோது நம்மவர்களுக்கு ஸ்னைடர். அவர்கள் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) வைத்த ரைஃபிளுக்குப் போனதும் நம்மவர்களுக்கு மார்ட்டினி. 1914இல் இந்தியப் படைகள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, அவர்கள் கொண்டுபோன ரைஃபிள்களை வாங்கிவைத்துக்கொண்டு புதிய மாடல் லீ என்ஃபீல்டைக் கொடுத்துத்தான் போர்முனைக்கு அனுப்பினார்கள். புது ஆயுதத்தோடு பழக அவர்களுக்குச் சில நாட்களே கிடைத்தன.

அந்தப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களுக்கான நினைவுச் சின்னம் கோட்டைக்குத் தெற்கே, தீவுத்திடல் பக்கம் இருக்கிறது. தினமும் அந்த ரவுண்டானாவைச் சுற்றிப் போகிற பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

த்ரீ நாட் த்ரீக்கு ஏன் இவ்வளவு பேர்?

உழைத்ததால். 1907இல் வந்த மார்க் 3 மாடலைக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் செய்தது. இரண்டு உலகப் போர், 1947–48 காஷ்மீர், 1962 எல்லாம் பார்த்த ரைஃபிள் இது. ராணுவம் கைவிட்ட பிறகும் காவல் துறை விடவில்லை. 2008இல் மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே.வோடு வந்தவர்களை எதிர்கொண்ட போலீஸ்காரர்களிடம் இருந்ததும் இதுதான். உத்தரப் பிரதேசக் காவல் துறை இதற்கு முறைப்படி விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான்.

இது போல்ட் ரைஃபிள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். கேட்க மெதுவான வேலையாகத் தெரியும். ஆனால் லீ என்ஃபீல்டின் போல்ட் வழுவழுவென்று ஓடும், இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு நிமிஷத்துக்குள் 300 கஜத்தில் 15 தோட்டாக்களைக் குறிபார்த்துச் சுட வேண்டும் என்று தேர்வே வைத்திருந்தார்கள். தேர்ந்தவர்கள் அதையும் தாண்டிச் சுட்டார்கள். மேகசினில் 10 தோட்டா கொள்ளும். ஐந்து ஐந்தாக கிளிப்பில் கோத்து மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி இறக்குவார்கள்.

தோட்டாவின் அடியில் வெளியே துருத்தும் ஒரு விளிம்பு உண்டு. தொல்லையே அங்கேதான். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் போல்ட் இரண்டையும் சேர்த்து இழுத்து நடுவில் சிக்கிக்கொள்ளும். ரைஃபிள் நல்ல ரைஃபிள்தான், ஆனால் நிரப்புகிறவனுக்கு நிதானம் வேண்டும்.

இன்னொரு தமிழ்நாட்டுச் சங்கதி. இந்தத் தோட்டாவுக்குள் பழைய காலத்தில் இருந்தது தூள் மருந்து இல்லை, கார்டைட் என்ற புகை குறைந்த மருந்து. கூட்டைப் பிரித்துப் பார்த்தால் சேமியா மாதிரி நீள நீளக் குச்சிகளாக இருக்கும். அதைச் செய்வதற்கென்றே 1900களின் தொடக்கத்தில் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலையைக் கட்டினார்கள். ஊட்டி மலை ரயிலில் குன்னூர், வெல்லிங்டன் தாண்டியதும் வரும் ஸ்டேஷன் அது.

1962 சீனப் போரில் நாம் தோற்றதற்கு த்ரீ நாட் த்ரீதான் காரணமா?

அப்படிச் சொல்வது வசதியான பதில், சரியான பதில் இல்லை. சீனப் படையிடம் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளும் சப்மெஷின் கன்களும் இருந்தன, நம்மவர்கள் ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் சாலை இல்லை, குளிருக்கு உடை இல்லை, தோட்டா கையிருப்பு போதவில்லை, மலை உயரத்துக்கு உடம்பு பழக நேரம் கொடுக்கவில்லை. இத்தனை இல்லைகளுக்கு நடுவே ரைஃபிளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயம் இல்லை. நவம்பர் 18 அன்று லடாக்கின் ரேசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் 13 குமாவோன் கம்பெனி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மடியும்வரை நின்று சண்டை போட்டதும் இதே த்ரீ நாட் த்ரீயை வைத்துத்தான்.

ஆனால் அந்தத் தோல்வி எல்லாவற்றையும் முடுக்கிவிட்டது. அதிகாரிகள் போதவில்லை என்று அவசரமாகத் திறந்த பயிற்சிப் பள்ளிகளில் ஒன்றுதான் 1963இல் சென்னையில் வந்த ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். இன்றைய பரங்கிமலை ஓ.டி.ஏ. அதேதான். புதிய ரைஃபிளுக்கான வேலையும் அதே அவசரத்தில் சூடு பிடித்தது.

புது ரைஃபிள் எல்லோருக்கும் கிடைக்கும்வரை என்ன செய்வது? இஷாப்பூர்க்காரர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள். லீ என்ஃபீல்டின் உடம்பையே இன்னும் உறுதியான எஃகில் செய்து, 7.62×51 தோட்டா போகும்படி மாற்றினார்கள். 2ஏ, அப்புறம் 2ஏ1 என்று பெயர். பார்க்க த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கும், மேகசின் மட்டும் சதுரமாகக் கீழே இறங்கியிருக்கும். உலகில் ஒரு ராணுவத்துக்காகப் புதிதாக வடிவமைத்த கடைசி போல்ட் ரைஃபிள்களில் இதையும் சேர்ப்பார்கள்.

எஸ்.எல்.ஆர். பற்றி முன்னாள் ராணுவத்தினர் ஏன் அவ்வளவு பாசமாகப் பேசுகிறார்கள்?

குண்டு பட்டால் எதிரி விழுவான், அதனால்தான்.

இது பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் உருவாக்கிய ஃபால் ரைஃபிளின் இந்திய வடிவம். ராணுவப் பெயர் 1ஏ1. 20 தோட்டா மேகசின், 7.62×51. டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். குழலில் ஒரு சிறு ஓட்டை வழியாக வெடிவாயு பிரிந்து, ஒரு தண்டைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் போல்ட் திறந்து காலிக் கூடு வெளியே விழும், திரும்பி வரும்போது புதுத் தோட்டாவை இழுத்துக்கொண்டு மூடும். எவ்வளவு வாயு போக வேண்டும் என்பதைச் சிப்பாயே ஒரு வளையத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். மணல் சேர்ந்து ரைஃபிள் திணறினால் கொஞ்சம் கூட்டி வைத்தால் போதும். 1971 போரில் நம் காலாட்படையின் முதன்மை ரைஃபிள் இதுதான்.

குறை என்று பார்த்தால் நீளம், எடை, உதை. ஒரு மீட்டரைத் தாண்டிய நீளம். நிரப்பிய மேகசினோடு 5 கிலோவை ஒட்டி வரும். தோளில் சரியாக அணைக்காமல் சுட்டவர்களுக்கு ராத்திரி படுக்கும்போது தோள்பட்டை ஞாபகப்படுத்தும். பாலைவனத்திலும் வயல்வெளியிலும் ராஜா. வீட்டுக்குள்ளும் புதருக்குள்ளும் அப்படி இல்லை.

அந்தக் குறை எங்கே வெளிப்பட்டது?

யாழ்ப்பாணத்தில். 1987இல் அமைதிப்படை போனபோது நம் வீரர்கள் கையில் எஸ்.எல்.ஆர்., எதிரே இருந்த விடுதலைப் புலிகள் கையில் ஏ.கே. வகைகள். சந்து, தென்னந்தோப்பு, ஐம்பது அடி தூரத்தில் திடீர் மோதல். அங்கே 600 மீட்டர் போகும் குண்டைவிட, சட்டென்று திருப்பி முப்பது தோட்டாவைக் கொட்டும் குட்டைத் துப்பாக்கிக்குத்தான் வேலை. ராணுவம் அவசரமாக ஏ.கே. வகைத் துப்பாக்கிகளைத் தேடத் தொடங்கியது அப்போதுதான். அடுத்து காஷ்மீரிலும் அதே நிலைமை வரவே, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நிறைய வாங்கினார்கள்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. சென்னையில் பயிற்சி பெற்று 1972இல் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் நடந்த கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனின் ரைஃபிளைப் பிடுங்கி அதாலேயே அவனைச் சுட்டு வீழ்த்தினார் என்கிறது பரம்வீர் சக்கர விருதுக் குறிப்பு. ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்தவர்கள் அணிவகுக்கும் மைதானத்துக்கு அவர் பெயர்தான்.

இன்சாஸ் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி. பாதி ஆமாம், பாதி இல்லை.

1980களில் உலகமே சிறிய தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1980இல் நேட்டோ நாடுகள் 5.56×45ஐப் பொதுத் தோட்டாவாக ஏற்றன. காரணம் எளிது. அதே எடைக்கு இரண்டு மடங்கு தோட்டா தூக்கலாம், உதை குறைவு, புதியவனுக்கும் குறி சீக்கிரம் படியும். 'எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆக மூன்று பேர் குறைவார்கள்' என்ற விளக்கத்தையும் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது பிற்பாடு ஒட்டவைத்த தத்துவம். எடைதான் அசல் காரணம்.

இந்தத் தோட்டாவுக்காக இன்சாஸை வடிவமைத்தது புனேவில் உள்ள ஏ.ஆர்.டி.இ. என்ற ராணுவ ஆயுத ஆய்வகம். உள்ளே இயங்கும் முறை ஏ.கே.யிடமிருந்து, வாயுவைச் சரிசெய்யும் வளையம் எஸ்.எல்.ஆரிடமிருந்து, இடதுபக்கம் முன்னால் இருக்கும் காக்கிங் கைப்பிடி ஜெர்மன் ரைஃபிள் பாணி. ஒவ்வொன்றாக, அல்லது மூன்று மூன்றாகச் சுடலாம். முழுத் தானியங்கி கிடையாது, தோட்டாவை வீணடிக்கக் கூடாது என்பது திட்டம். 20 தோட்டா மேகசின் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக்கில் இருக்கும், உள்ளே எத்தனை மிச்சம் என்று வெளியிலிருந்தே எண்ணிவிடலாம்.

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. 1999இல் கார்கில் உச்சிகளுக்குப் போனபோது அதே பிளாஸ்டிக் மேகசின் குளிரில் விரிசல் விட்டது. தோட்டா சிக்கியது. சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறிக்கிறது என்றார்கள். நேபாள ராணுவமும் இதை வாங்கிவிட்டுப் புகார் சொன்னது. குறைகளைத் திருத்தத் திருத்த மாடல்கள் வந்தன, ஆனால் ஒருமுறை கெட்ட பெயர் துடைக்க முடியாமலே போய்விட்டது.

அதே நேரம், ஒற்றைத் தோட்டாவாகச் சுடும்போது இன்சாஸின் குறி நம்பகமானது. 300, 400 மீட்டரில் ஏ.கே.யைவிட நிதானமாக அடிக்கும் என்று அதை வைத்திருந்தவர்களே சொல்வார்கள். பிரச்சினை எண்ணத்தில் அவ்வளவு இல்லை, தயாரிப்பில்தான். ஒரு தொழிற்சாலையில் வந்த துண்டும் இன்னொன்றில் வந்த துண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கை மைனஸ் குளிரில் சோதித்திருக்க வேண்டும். ரைஃபிள், எல்.எம்.ஜி., கார்பைன் (குட்டைத் துப்பாக்கி) மூன்றும் ஒரே குடும்பமாக வரும் என்று ஆரம்பித்த திட்டத்தில் கார்பைன் கடைசிவரை சரியாக வரவே இல்லை. அதைப் பற்றி யாரும் மீம் போடுவதில்லை.

சிறிய தோட்டாவுக்குப் போய்விட்டு ஏன் மறுபடி 7.62?

காஷ்மீர் அனுபவம். சிறிய குண்டு பட்டும் எதிரி திருப்பிச் சுடுகிறான், ஒரே அடியில் விழ வேண்டும் என்று களத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நடுவில் ஒரு ஆசையும் எட்டிப்பார்த்தது: குழலை மாற்றினால் இரண்டு வகைத் தோட்டாவும் சுடும் ரைஃபிள். 2011இல் டெண்டர் விட்டார்கள், 2015இல் ரத்து செய்தார்கள். எல்லாம் தெரிந்த ஒரே ரைஃபிள் யாரிடமும் இல்லை என்பதுதான் கண்ட பலன்.

அப்புறம் இரண்டாகப் பிரித்தார்கள். முன்வரிசையில் நிற்பவர்களுக்கு 7.62×51 சிக் 716. 2019 பிப்ரவரியில் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் 66,400 ராணுவத்துக்கு, மிச்சம் விமானப் படைக்கும் கடற்படைக்கும். 2024இல் இன்னும் 73,000 துப்பாக்கிகளுக்கு ஆர்டர். மற்றவர்களுக்கு 7.62×39 ஏ.கே. 203. உத்தரப் பிரதேசத்தில் அமேதி அருகே கோர்வாவில் இந்திய–ரஷ்யக் கூட்டு நிறுவனம் செய்கிறது. 2021 டிசம்பரில் 6,01,427 ரைஃபிள்களுக்குக் கையெழுத்தானது. 2024 ஜூலைக்குள் 35,000 வந்து சேர்ந்தன.

பழைய எஸ்.எல்.ஆர். தோட்டாவுக்கே ஒரு சுற்று சுற்றித் திரும்பியிருக்கிறோம். சந்தோஷம்தான், ஆனால் கிடங்கைக் கவனிக்கும் ஹவில்தாரை நினைத்துப் பாருங்கள். சிக்குக்கு ஒன்று, ஏ.கே.வுக்கு ஒன்று, மிச்சமிருக்கும் இன்சாஸுக்கு ஒன்று, டிராகுனோவ் ஸ்னைப்பருக்கு விளிம்பு வைத்த 7.62×54, பிஸ்டலுக்கும் கார்பைனுக்கும் 9 மி.மீ. ராத்திரி அவசரத்தில் பெட்டி மாறிப் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

எல்.எம்.ஜி., கார்பைன், பிஸ்டல்?

பிரென் எல்.எம்.ஜி. ரொம்ப காலம் இருந்தது. முதலில் .303, பிறகு அதையே 7.62×51க்கு மாற்றிக்கொண்டார்கள். தோட்டாவோடு ஆயுதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது நமக்குப் பழக்கம். அதன் பின் இன்சாஸ் எல்.எம்.ஜி., இப்போது இஸ்ரேலின் நெகேவ். 2020 மார்ச்சில் 16,479 நெகேவ்களுக்கு ஒப்பந்தம். கார்பைன் என்றால் ஸ்டெர்லிங், கான்பூரில் செய்தது, பக்கவாட்டில் மேகசின் நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டல், பிரவுனிங் வகை 9 மி.மீ., இஷாப்பூர்.

ஆவடியில் துப்பாக்கி செய்கிறார்களா?

இல்லை. ஆவடியில் டாங்கி. விஜயந்தா தொடங்கி டி-72, டி-90, அர்ஜுன்வரை அங்கேதான் வந்தன. ராணுவச் சீருடை தைக்கும் ஆலையும் அங்கே உண்டு. ரைஃபிள் வேண்டுமென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். 1966இல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை இன்சாஸும் செய்தது, ஏ.கே. பாணியில் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று தன் ஊர்ப் பெயரிலேயே ஒன்றும் செய்தது. 'வித்வன்சக்' என்ற பெரிய ரைஃபிளும் அங்கேதான். ஆளைக் குறிவைப்பதற்கு அல்ல, வாகனம், பதுங்குகுழி மாதிரி இலக்குகளுக்கு. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, டாங்கி செய்யும் நிறுவனத்துக்கு ஆவடி தலைமையகமானது, திருச்சி ஆலை கான்பூர் நிறுவனத்தின் கீழ் போனது.

மெரினா அணிவகுப்பில் எது எந்தத் துப்பாக்கி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேகசினைப் பாருங்கள், முக்கால்வாசி தெரிந்துவிடும். வாழைப்பழம்போல் நன்றாக வளைந்திருந்தால் ஏ.கே. லேசாக வளைந்து, உள்ளே தோட்டா நிழலாகத் தெரிந்தால் இன்சாஸ். நேராகக் கீழே இறங்கும் இரும்புப் பெட்டி, ரைஃபிளும் நெடுநெடுவென்று, மேலே தூக்கிப்போக ஒரு கைப்பிடி என்றால் எஸ்.எல்.ஆர். வாய்ப்பகுதிவரை மரம் போர்த்தி, முனை மொட்டையாக இருந்தால் த்ரீ நாட் த்ரீ. முழுக்கக் கறுப்பு, நேர் மேகசின், மேலே நீளமாகப் பல் பல்லாக ஒரு தண்டவாளம், நீட்டிக் குறைக்கும் பின்கட்டை என்றால் சிக்.

வரிசை வேகமாக நகரும். முதல் வரிசையை விட்டுவிட்டு, நடுவில் ஒரு வீரரை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தால் பிடிபடும்.

'72 குண்டுகள் முழங்க' என்று செய்தியில் வருகிறதே, அது பீரங்கியா?

ரைஃபிள்தான். 24 காவலர்கள் மூன்று முறை சுட்டால் 72. 2023 டிசம்பரில் விஜயகாந்தின் இறுதிச் சடங்கின்போது கோயம்பேட்டில் ஒலித்தது அந்தக் கணக்குதான். போடுவது வெற்றுத் தோட்டா, மருந்து இருக்கும், குண்டு இருக்காது.

குண்டு இல்லாததால் குழலுக்குள் அழுத்தம் சேராது. அதனால் வாயுவில் இயங்கும் ரைஃபிள், முனையில் அதற்கான அடைப்பு போடாவிட்டால், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு முழக்கத்துக்கு நடுவிலும் கையால் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

என்.சி.சி.யில் கொடுப்பது என்ன துப்பாக்கி?

சுடுவதற்கு .22. உதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டாவும் மலிவு. டிரில்லுக்கு 'டி.பி. ரைஃபிள்', அதாவது சுட முடியாதபடி செய்த பழைய ரைஃபிள். 'பாஜு ஷஸ்த்ர', 'சலாமி ஷஸ்த்ர' என்று இந்தியில் ஆணை கேட்டுக் கேட்டுத் தூக்கி இறக்குவதற்கு. நான்கு கிலோவை மே மாத வெயிலில் அரை மணி நேரம் தூக்கிப் பார்த்தவர்கள், எடையைப் பற்றி நான் மேலே சொன்னதை உடனே புரிந்துகொள்வார்கள்.

சென்னையில் இவற்றை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் கம்பெனி கால ஆயுதங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனைப் படைக்கலங்கள். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, அலைந்துவிட்டு வராதீர்கள். எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021இல் திறந்த காவல் அருங்காட்சியகத்தில் போலீஸ் பயன்படுத்திய ஆயுதங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் எழும்பூர் இரண்டையும் முடித்துவிடலாம், நடக்கும் தூரம்தான்.

ஓய்வு பெற்ற வீரர் தன் ரைஃபிளை வாங்கிக்கொள்ள முடியுமா? தனியாருக்கு .303 கிடைக்குமா?

முடியாது. ராணுவத் தோட்டா வகைகள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவத்தினர் கையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல்.

ரைஃபிள் உரிமம் உள்ளவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .315. ராணுவத் தோட்டா வெளியே கசிந்து யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று ஆங்கிலேயர் காலத்தில் உண்டான வேறுபாடு அது. இஷாப்பூர் அதைச் சுதந்திரத்துக்குப் பிறகும் செய்துகொண்டே வந்தது. சென்னை மாநகருக்குள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியது போலீஸ் கமிஷனரிடம், மற்ற மாவட்டங்களில் கலெக்டரிடம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.